மூளைக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு?

'மைட்டோகாண்ட்ரியா செல்லின் சக்தி நிலையம்' என்பதை நாம் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டோம். ஒரு மதிப்பெண் கேள்விதானே! எழுதிவிட்டு மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் இருந்தேன். எங்கள் ஆச்சியின் நோய்தான் அதை மறுபடியும் நினைவூட்டியது.

ஆச்சிக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "வயிறு என்னமோ மாதிரி இருக்கு, ஏதாச்சும் குடு தாயி" என்பார்கள். சென்ற கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்து டப்பாவைப் பரண்மேல் ஒளித்துவைத்தவள் நான்தான். அதோடு நில்லாமல், "வாயைக் கட்ட உங்களுக்குத் தெரியாதா ஆச்சி?" என்றும் கேட்டுவிட்டேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகொரு நாள் எங்கள் விஞ்ஞான ஆசிரியை, "பசி வயிற்றில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா?" என்று வகுப்பில் கேட்டபோது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள குளுக்கோஸைத் தசைகளுக்குள் செல்ல வைக்கிறது. கல்லீரலிடம் 'நீ சர்க்கரையை வெளியே விடாதே' என்கிறது. ஆச்சிக்கு உள்ளது போன்ற இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பால்காரர் வாசலில் மணியடிக்கிறார். வீட்டில் ஒருவரும் எழுந்து வருவதில்லை. நாளடைவில் மணியடிப்பவரும் சோர்ந்துவிடுகிறார்.

இதில் மூளைக்கு என்ன வேலை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிளாட் பெர்னார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரு முயலின் மூளையின் அடிப்பாகத்தில் ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது! (பாவம் அந்த முயல்.) ஆயினும் 1921-ல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் எல்லோருடைய கவனமும் கணையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. குளுக்கோஸைப் பெற மூளை பெரும்பாலும் இன்சுலினை நம்பியிருப்பதில்லை. ஆகவே மூளைக்கும் இன்சுலினுக்கும் உறவில்லை என்றே கருதினர். 1978-ல்தான் எலியின் மூளையில் இன்சுலின் வந்து பொருந்தும் இடங்கள் இருப்பது தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில், நரம்பு செல்களில் மட்டும் அந்த இடங்கள் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தனர். பெண் எலிகள் அதிகம் தின்றன. எலிகளின் உடலில் கொழுப்பு ஏறியது. இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை.

இனி நம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம். இப்பெயரை 1898-ல் சூட்டியவர் ஜெர்மானியரான பெண்டா. கிரேக்க மொழியில் 'நூல்', 'மணி' என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. (நூலும் மணியும் என்றதும் எனக்கு ஜெபமாலைதான் நினைவுக்கு வந்தது!) மூளை நம் எடையில் ஏறக்குறைய 2 சதவிகிதமே, செலவழிப்பதோ உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவிகிதம். அந்த ஆற்றலில் பெரும்பகுதியைத் தருபவை இந்த நுண்ணிய மணிகளே.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. அங்கே 'போதும்' என்று சொல்லும் நரம்பு செல்கள் இருக்கின்றன. நாம் உண்டதும் அவற்றில் சில, குளுக்கோஸ் வந்திருப்பதை உணர்கின்றன. எப்படி உணர்கின்றன தெரியுமா? குளுக்கோஸை எரித்து மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது. ஏ.டி.பி. பெருகியதும் செல்லின் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. செல் விழித்தெழுந்து செய்தி அனுப்புகிறது. கணையம் இன்சுலினைச் சுரப்பதும் இதே முறையில்தான் என்று படித்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. 2007-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இச்செல்களின் வாயில்களை மட்டும் மூடவிடாமல் செய்தனர். உடல் முழுவதும் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. நெடுநாள் கொழுப்புணவு தின்ற எலிகளிலோ, ஆய்வாளர்கள் கை வைக்காமலேயே இச்செல்கள் குளுக்கோஸை உணரும் தன்மையை இழந்திருந்தன. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றலை வீணாக்கும் ஒரு புரதமே அதற்குக் காரணம். அந்தப் புரதம் நீக்கப்பட்ட எலிகளில் அந்தக் கேடு நேரவில்லை.

2013-ல் பார்சிலோனாவில், மைட்டோகாண்ட்ரியாக்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைட்டோஃபியூசின் என்னும் புரதத்தை இந்தச் செல்களிலிருந்து மட்டும் எடுத்துவிட்டனர். எலிகள் ஓயாமல் தின்றன, பருத்தன. அவற்றைப் பேராசை பிடித்த எலிகள் என்று நாம் சொல்வோமா?

எலி வேறு, ஆச்சி வேறு என்பதை நான் அறிவேன். மனிதரில் இச்செல்களுக்குள் எட்டிப்பார்ப்பது எளிதன்று. ஆனால் 2014-ல் ஜெர்மனியில், மூக்கின் வழியே இன்சுலினைத் தெளித்து மூளைக்குச் சேர்த்தபோது, ஒல்லியான ஆண்களின் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாகச் செவிசாய்த்தது. பருத்த ஆண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அவர்களுடைய மூளைக்கும் மணியோசை கேட்கவில்லை போலும்!

மாத்திரையும் பத்தியமும் முன்போலவே நடக்கின்றன, அதில் மாற்றமில்லை. நடக்கும்போது தசைகள் இன்சுலின் உதவியின்றியே குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. தொடர்ந்து உழைக்கும் தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது. ஆகவே மாலையில் பள்ளி விட்டு வந்ததும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து வருகிறேன். திரும்பி வந்ததும், "பசிக்குதா ஆச்சி?" என்று நானே கேட்கிறேன். "பசிக்கத்தான் செய்யுது" என்கிறார்கள். அம்மா ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் எடுத்து வருகிறார்கள்.