சொல்லைப் பிரிக்கக் கணினி கற்றது எங்கே?

கேள்வி: தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டும் கணினி நிரல்கள் வந்துவிட்டன. இந்த முறை நன்னூலில் இருந்து எடுத்ததா, வெளிநாட்டுச் சரக்கா?
– வாசகர், மர்பி டவுன், பெங்களூரு

பதில்: முறை பின்லாந்தில் பிறந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கிம்மோ கொஸ்கென்னியெமி 1983-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் அதை முன்வைத்தார். பின்னிஷும் தமிழைப் போலவே பகுதிக்குப் பின் ஒட்டுகளை வரிசையாகச் சேர்க்கும் மொழி. அகராதியில் உள்ள உறுப்புகள் ஒரு நிலை, எழுத்தில் தெரியும் வடிவம் மறுநிலை. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து இணைப்பவை விதிகள். அதே விதிகள் சொல்லைப் பிரிக்கவும் ஆக்கவும் உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோருடன் 2021-இல் வெளியிட்ட 'தமிழிமார்ஃப்' என்ற சொற்பகுப்பு நிரல் இந்த மரபில் வந்ததே.

"பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூல் ஆசிரியர் பவணந்தி சொல்லின் ஆறு உறுப்புகளைச் சொல்லிவிட்டாரே" என்று கேட்கலாம். உண்மைதான். 'நடந்தனன்' என்பதில் நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் விகுதி. சொல் என்பது வரிசை மாறாத உறுப்புகளின் தொடர், மாற்றம் நிகழ்வது அவை சேரும் இடத்தில் என்ற பார்வை இரு முறைகளுக்கும் பொது. ஆனால் நன்னூல் தமிழ் அறிந்தவருக்காக எழுதப்பட்டது. 'மடி' என்ற ஒரே வடிவத்திலிருந்து மடிந்தான், மடித்தான் இரண்டும் வருவது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு வினையும் எந்த வாய்பாட்டில் சேரும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதித் தரவேண்டும். அந்த உழைப்பு இந்தக் காலத்தது. அதன் பெருமையைப் பழைய நூலுக்கு ஏற்றுவது பவணந்திக்கும் நியாயமாகாது, உழைத்தவருக்கும் நியாயமாகாது.

"செயற்கை நுண்ணறிவு தானே கற்றுக்கொள்கிறதே, விதி எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. இன்றைய மொழி மாதிரிகள் பெரும்பாலும் சொல்லை வெட்டுவது இலக்கணம் பார்த்து அல்ல, எழுத்துக் கோவைகள் அடுத்தடுத்து வரும் எண்ணிக்கையைப் பார்த்து. குவியலாக உரை கிடைக்கும் மொழிக்கு அது போதலாம். தமிழ் வினை ஒன்றுக்குப் பல நூறு வடிவங்கள். அவற்றில் பல, உரைகளில் அரிதாகவே தென்படும். விதியோ காணாத சொல்லையும் கையாளும்: 'மெட்ரோ' நேற்று வந்த சொல்லானாலும் ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் பெற்று 'மெட்ரோவில்' ஆகிறது. எனவே புள்ளிவிவரத்தோடு விதியும் தேவை. ஆனால் மர்பி டவுன் தெருக்களில் புழங்கும் 'போயிட்டிருக்கேன்' போன்ற பேச்சு வடிவங்களுக்கு எழுத்துத் தமிழின் விதிகள் போதா. அவற்றுக்கான விதிகளை அந்தத் தமிழைப் பேசுகிறவர்களும் சேர்ந்தே எழுத வேண்டும்.