மீட்புப் படகு மோட்டார்களின் ஓய்வுக்காலப் பராமரிப்பு

தலைநகர் தில்லியில் படகு மோட்டாரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் 2023-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர், 1978-இல் பதிவான முந்தைய உச்சம் 207.49 மீட்டர். தாழ்வான பகுதிகளில் சிக்கியவர்களை மீட்க மோட்டார் படகுகள் தேவைப்பட்டன. துவாரகாவின் ஓரமாகச் செல்லும் நஜஃப்கர் வடிகாலும் ஒரு காலத்தில் சாகிபி ஆற்றின் போக்கே என்பதை இங்குக் குடியிருப்போரில் பலர் அறியார்.

இம்மோட்டார்கள் ஆண்டில் சில வாரங்களே உழைக்கின்றன. எஞ்சிய மாதங்கள் கிடங்கில் கழிகின்றன. ஓய்வே அவற்றிற்குப் பெரும் பகை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டக் கிடங்கில் மூன்று மோட்டார்களைப் பார்வையிட நேர்ந்தது. இருப்புப் பதிவேட்டில் மூன்றும் 'நல்ல நிலை' எனக் குறிக்கப்பட்டிருந்தன. கயிற்றை இழுத்துப் பார்த்தபோது ஒன்றுகூட இயங்கவில்லை. கொள்முதலுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கிரீசுக்கும் கியர் எண்ணெய்க்கும் எவரும் கோரிக்கை அனுப்பியதில்லை. பொருளியலில் இதனைத் தேய்மானம் என்று கூறிவிடலாம். வெள்ளத்தில் கூரைமேல் காத்திருப்பவருக்கு அச்சொல் பயன்படாது.

முதலில் செய்யத்தக்கது கழுவுதல். கடல்நீரின் உப்பு மட்டுமன்று, வெள்ளநீரின் வண்டலும் குளிர்விப்புக் குழாய்களை அடைக்கும். சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு, நீர் உறிஞ்சும் துளைகள் மூழ்குமாறு மோட்டாரின் அடிப்பகுதியை நன்னீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி, கியரில் இடாமல் மெதுவாக ஓடவிட வேண்டும். நீரின்றி ஒருபோதும் இயக்கலாகாது. நீரேற்றியின் ரப்பர்ச் சக்கரம் மிக விரைவில் கருகிவிடும்.

அடுத்தது எரிபொருள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். மேற்கூறிய கிடங்கில் நேர்ந்தது இதுவே. ஆகவே பீப்பாயில் ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை விட வேண்டும். எரிபொருள் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களுக்கு இது பொருந்தாது. அவற்றிற்குத் தயாரிப்பாளரின் கையேடே வழிகாட்டி. தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும்.

பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு, நிறுத்தும் விசையை அணைத்த நிலையில் வைத்துக் கயிற்றை மெல்லச் சிலமுறை இழுத்தால், உட்சுவரில் துருவைத் தடுக்கும் படலம் உண்டாகும்.

கியர்ப் பெட்டியின் எண்ணெய் பலவற்றைச் சொல்லும். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது, அடைப்பு வளையம் பழுதாகியுள்ளது என்று பொருள். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்றுக. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கும். விசிறித் தண்டில் தூண்டில் நரம்போ வலைநூலோ சுற்றியிருந்தால் அகற்றிக் கிரீஸ் தடவ வேண்டும்; அடைப்பு வளையத்தை அறுப்பது பெரும்பாலும் இந்த நூலே.

மோட்டாரை நிமிர்த்தித் தாங்கியில் நிறுத்தினால் உள்ளிருக்கும் நீர் தானே வடியும். தில்லிக் குளிரில் இது நல்ல பழக்கம், ஸ்ரீநகரில் இன்றியமையாதது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து உலோக உறையைப் பிளக்கும்.

மே மாத இறுதியில் ரப்பர்ச் சக்கரத்தைச் சோதித்து, இறுகியிருந்தால் மாற்றி, புதிய பெட்ரோலில் பீப்பாயிலேயே ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். அந்த நாளையும் இயக்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுக. 'நல்ல நிலை' என்ற குறிப்பை அதன் பின்னரே இடலாம்.