தழும்பு சிறிது; அறுவை சிறிதன்று

கேள்வி: பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வயிற்றில் சிறு தழும்புகளே இருப்பதால், ஓரிரு வாரங்களில் வழக்கமான உணவுக்கும் வேலைக்கும் திரும்பலாமா?

பதில்: வயிற்றில் சிறு துளைகளிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்கி, கேமராவின் துணையுடன் செய்யப்படுவதே லேப்ராஸ்கோப்பி அறுவை. கட்டியுள்ள குடற்பகுதியும் அதைச் சார்ந்த நிணநீர் முடிச்சுகளும் இதிலும் திறந்த அறுவையில் போலவே அகற்றப்பட்டு, குடலின் இரு முனைகளும் இணைக்கப்படுகின்றன. 872 நோயாளிகளைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு, நோய் திரும்பும் வாய்ப்பு இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றே எனவும், மருத்துவமனையில் தங்கும் காலம் 6 நாள்களிலிருந்து 5 நாள்களாகக் குறைகிறது எனவும் காட்டியது. எனவே வலியும் படுக்கை நாள்களும் குறைகின்றனவே தவிர, குடல் இணைப்பு ஆறுவதற்கு வேண்டிய காலம் குறைவதில்லை.

டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வகுத்த விரைவு மீட்பு முறையைத் தழுவி, அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளி எழுந்து நடக்கவும் திரவ உணவு அருந்தவும் ஊக்குவிக்கப்படுகிறார். ஏனெனில் நடை, கால் நாளங்களில் இரத்தம் உறைவதையும் நுரையீரலில் சளி தேங்குவதையும் தடுக்க உதவுகிறது. புற்றுநோயாளிகளுக்கு இரத்த உறைவு அபாயம் மிகுதி என்பதால், அதைத் தடுக்கும் ஊசியைச் சிலருக்கு வீடு திரும்பிய பின்னும் 4 வாரங்கள் வரை தொடர மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. செலுத்தப்பட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோன்றும் தோள்வலி சில நாள்களில் தானே அடங்கும்.

தொடக்க வாரங்களில் இட்லி, குழைந்த சோறு, தயிர் போன்ற நார்ச்சத்து குறைந்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்டு, கீரையையும் பயறுகளையும் மருத்துவர் கூறியபின் படிப்படியாகச் சேர்ப்பது நன்று. அகற்றிய குடற்பகுதியை வெளியே எடுத்த இடத்தில் குடலிறக்கம் உண்டாகக்கூடும் என்பதால், 4 முதல் 6 வாரங்கள் வரை பளு தூக்கலாகாது. உடலுழைப்பு இல்லாத வேலைக்கு அதற்கு முன்பே பலர் திரும்புகின்றனர்.

குடல் இணைப்பில் கசிவு ஏற்படுவதே அஞ்சத்தக்க சிக்கல். இது பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள் வெளிப்படும். நிணநீர் முடிச்சுகளில் புற்று பரவியிருந்தால், கீமோதெரபி வழக்கமாக 8 வாரங்களுக்குள் தொடங்கப்பட வேண்டியிருப்பதால், உடல் தேறுவது அடுத்த சிகிச்சைக்கான ஆயத்தமுமாகும். பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பரிசோதனை, தொடர் கண்காணிப்புக்காக ஏறத்தாழ ஓராண்டில் மீண்டும் செய்யப்படும்.

காய்ச்சல், கூடிவரும் வயிற்றுவலி, வயிற்று உப்பல், விரைந்த நாடித்துடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், மறுநாள் வரை காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனையை உடனே நாட வேண்டும்.