வளை மூடும் வேலை

புனே அருகே ஒரு குதிரைப் பண்ணையில் மேற்பார்வையாளனாக இருந்தபோது, மேய்ச்சல் நிலத்தில் புதிதாகக் குவிந்த மண்ணை ஒரு மாலை பார்த்தேன். பெருச்சாளி வளை. நாளை மூடலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் துள்ளி ஓடிய இளம் பெண் குதிரையின் முன்னங்கால் அதில் இறங்கி முறிந்தது. "கட்டுப் போட்டால் சரியாகாதா?" என்று நம் சங்கக் குழந்தைகள் கேட்பதுண்டு. சுமார் 400 கிலோ உடலைத் தாங்கும் கால் அது. குதிரையால் மாதக்கணக்கில் படுத்திருக்கவும் முடியாது. அதைக் காப்பாற்ற இயலவில்லை.

அதன்பின் நான் கடைப்பிடித்த முறை இது. வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினமும், நிலம் முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். உயர்ந்த புல்லை வெட்டினால்தான் வளை தெரியும். வளை தென்பட்டால் குதிரைகளை வேறிடம் மாற்றிவிட்டு, மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பதில்தான் பெருச்சாளி இருக்கிறது. அங்கே பொறி வையுங்கள். துத்தநாக பாஸ்பைடு மருந்து குதிரைக்கும் நஞ்சு. மேய்ச்சல் நிலத்தில் வேண்டாம். பிறகு வளையைத் தோண்டி, கல்லும் மண்ணும் அடுக்கடுக்காக இட்டுத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். மேலாக மூடினால் அடுத்த மழையில் உள்வாங்கிவிடும். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி எடுங்கள்.

கண்ணில் பட்ட வளையை அன்றே மூடுங்கள். நான் மூடவில்லை.