பல்லும் என்பும் புளோரைட்டும்

வட்டுக்கோட்டைக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதிலுள்ள கல்சியத்தின் அடையாளம். அதே கல்சியம் பொசுபேற்றுடன் சேர்ந்து நமது பல்லையும் என்பையும் ஆக்குகிறது. அவற்றின் கனியம் ஐதரொட்சி அப்பதைற்று எனப்படும். அதன் ஓர் அலகில் பத்துக் கல்சியம், ஆறு பொசுபேற்று, இரண்டு ஐதரொட்சைட்டு அயன்கள் உள்ளன.

இக்கனியம் நீரில் மிக அரிதாகவே கரையும், அமிலத்தில் அப்படியல்ல. நாம் இனிப்பு உண்டதும் வாயிலுள்ள பற்றீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தின் ஐதரசன் அயன்கள் ஐதரொட்சைட்டையும் பொசுபேற்றையும் பற்றிக்கொள்வதால் சமநிலை குலைகிறது. பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறையும்போது பல்லின் மிளிரி கரையத் தொடங்குகிறது.

உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கியதும் கரைந்த அயன்கள் மீண்டும் பல்லில் படிகின்றன. அவ்வேளை சிறிதளவு புளோரைட்டு இருந்தால், அது ஐதரொட்சைட்டின் இடத்தைப் பிடிக்கிறது. அளவிற் சிறிய புளோரைட்டு அயன் கல்சியங்களுக்கு நடுவே இறுக்கமாகப் பொருந்துகிறது. ஐதரசன் அயனையும் எளிதில் ஏற்பதில்லை. இவ்வாறு உருவாகும் புளோரோ அப்பதைற்று, பீஎச் ஏறத்தாழ 4.5 வரை தாக்குப் பிடிக்கும். சுறாப் பல்லின் வெளிப்படை இக்கனியத்தாலேயே ஆனது.

இந்தக் கரையாத் தன்மைக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1971இல் அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறை, புளோரினும் குளோரினும் கொண்ட அப்பதைற்று. அது மெல்லக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு உதவுகிறது. சில மாதங்களில் விளையும் நெல்லுக்கு நேரடியாகப் பயன்படுவதில்லை.

கரையாமை எப்போதும் நன்மையா? என்பு நாள்தோறும் கரைந்து புதுப்பிக்கப்படும் இழையம். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற, என்பு நலிந்த 202 பெண்கள் பங்குபற்றினர். நான்கு ஆண்டுகள் அதிக அளவில் புளோரைட்டு உட்கொண்டவர்களின் இடுப்பு முள்ளந்தண்டின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆயினும் முள்ளந்தண்டு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஏனைய என்பு முறிவுகள் அதிகரித்தன. அடர்த்தி வேறு, உறுதி வேறு என்பதே இதன் பாடம்.

குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருத்தலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெப்ப வலயத்தில் மக்கள் அதிக நீர் பருகுவதால் இலங்கைத் தரநியமம் 1.0 மில்லிகிராம். பல் உருவாகும் வயதில் அளவு மிஞ்சினால் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். அனுராதபுரப் பகுதிப் பாறைகளிலுள்ள கனியங்கள் நீருக்குப் புளோரைட்டைக் கொடுக்கின்றன. சுண்ணக்கல் நீரிலோ மிகுந்த கல்சியம் அதனைக் கல்சியம் புளோரைட்டாக வீழ்படியச் செய்து, பொதுவாகக் கட்டுக்குள் வைக்கிறது. எனினும் நிறமும் சுவையும் புளோரைட்டைக் காட்டிக்கொடா. கிணற்று நீரைப் பரிசோதித்தே அறிய வேண்டும். கொதிக்க வைப்பதால் அது நீங்காது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்தினார்கள். பல் துலக்கும் அந்தப் பழக்கத்துடன் இந்த அறிவையும் சேர்த்துக்கொள்வோம். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கையரின் தூரிகையில் அரிசிமணி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் புளோரைட்டுப் பற்பசை போதும். அதை விழுங்காமல் துப்பப் பழக்குவது மூத்த பிள்ளைகளாகிய நமது பொறுப்பு.