‘தே’ எப்போது ‘து’ ஆகும்?

கோவை, திருப்பூர்ப் பக்கம் பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் பலர் ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள்: ‘பன்மைக்குத் தே, பெயரடை வந்தால் து.’ இது பாதிதான் சரி.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நிற்கும் காங்கேயம் பசுக்களையே எடுத்துக்கொள்வோம். பசுவுக்குப் பிரெஞ்சில் ‘வாஷ்’. பன்மைக்கு எழுதும் எஸ் ஒலிக்காது. ஒன்றா பலவா என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் காதுக்குச் சொல்கிறது. ‘யூன் வாஷ்’ ஒரு பசு. ‘தே வாஷ்’ சில பசுக்கள்.

பெயரடை வந்தாலே ‘தே’ மாறிவிடும் என்பது தவறு. வெள்ளைப் பசுக்கள் ‘தே வாஷ் பிளான்ஷ்’. நிறம் பெயருக்குப் பின்னால் வருவதால் மாற்றமில்லை. அழகு, பெரிது, சிறிது, இளமை, முதுமை ஆகியவற்றைச் சொல்லும் அடைகள் பெரும்பாலும் முன்னால் வரும். அப்போதுதான் ‘து பெல் வாஷ்’, அழகான பசுக்கள். தமிழில் அடை எப்போதும் முன்னால்தான் நிற்கும். அதனால் இந்த இட வேறுபாட்டை நம் பிள்ளைகள் தனியாகக் கவனித்தே ஆக வேண்டும்.

எல்லாத் ‘தே’யும் ஒன்றுதான் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. ‘சில’ என்ற பொருளில் வருவது ஒரு ‘தே’. ‘இன்’ உருபின் வேலையைச் செய்யும் ‘து’வும், குறிப்பிட்டவற்றைச் சுட்டும் ‘லே’யும் புணர்ந்து உண்டாவது இன்னொரு ‘தே’. இது அடைக்கு முன்னாலும் அசையாது. அந்த அழகான பசுக்களின் கொம்புகள், ‘லே கோர்ன் தே பெல் வாஷ்’. இங்கே ‘து’ போட்டால் ‘அந்த’ போய்விடும். யாரோ வைத்திருக்கும் ஏதோ சில அழகான பசுக்களின் கொம்புகள் என்றாகும். ‘சில’ பொருந்துகிறதா, ‘அந்த’ பொருந்துகிறதா என்று தமிழில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

‘சில’ என்ற பொருளில் வரும் ‘தே’யும், அடை முன்னால் நின்றும் மாறாத இடம் உண்டு. பச்சைப் பட்டாணிக்குப் ‘பெத்தி ப்வா’ என்று பெயர். ‘பெத்தி’ என்றால் சிறிய. ஆனால் கறுப்பு வெள்ளாடு என்று நாம் தாராளமாகச் சொல்வதுபோல, அங்கே இரண்டும் ஒட்டி ஒரே பெயராகிவிட்டது; ஆகவே ‘தே பெத்தி ப்வா’தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒருபோதும் ‘தே பெல் வாஷ்’ என்று சொல்லமாட்டார்கள் என்பதும் உண்மையல்ல. பேச்சில் அது சகஜம்; எழுத்திலும் தேர்விலும் ‘து’ போடுங்கள். ‘வேறு பசுக்கள்’ என்பதில் மட்டும் பேச்சிலும் அவர்கள் கறார்: ‘வேறு’ என்னும் ‘ஓத்ர’ உயிரெழுத்தில் தொடங்குவதால் அதன் முன் ‘து’ சுருங்கி, ‘தோத்ர வாஷ்’.