ஆணையும் பூட்டும்

முன்னாளில் வணிகரின் கடையில் கணக்கர் ஒருவர் அமர்ந்து, பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி வந்தார். அவர் பிழை செய்வதும் உண்டு. ஆயினும் ஒரு நாளில் அவர் கை எத்தனை வரிகளைக் கெடுத்துவிட முடியும்? பத்து வரி, மிஞ்சினால் இருபது வரி. பிழை கண்டவிடத்து அதனைச் சுரண்டி அழித்தல் கணக்கர் மரபன்று. வேறொரு வரியில் எதிர்ப்பதிவு எழுதியே திருத்துவர். கையின் மெதுவான இயக்கமே கணக்கிற்கு ஒரு காவலாய் இருந்தது. அக்காவலை எவரும் வேண்டிப் பெறவில்லை. எழுத்து வேலையோடு அது தானே அமைந்தது.

இன்று நிறுவனங்களின் கணக்குகள் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் உள்ளன. அவற்றைத் திருத்தும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. முகவர் என்பது, ஏவிய வேலைக்குரிய படிகளைத் தானே வகுத்துக்கொண்டு செய்து முடிக்கும் மென்பொருள். ‘அரிசி வகைகளின் விலையை நூற்றுக்கு 5 உயர்த்துக’ என்று அதனை ஏவுவதாகக் கொள்வோம். அது எழுதும் கட்டளையில் ‘அரிசி’ என்னும் நிபந்தனை விடுபட்டால், எண்ணெய்க்கும் பருப்பிற்கும் சோப்பிற்கும் சேர்த்தே விலை ஏறிவிடும். இலட்சம் வரிகளாயினும் நொடிப்பொழுதில் மாறும். எதிர்ப்பதிவு எழுதுவோமெனில், பழைய விலை எங்கே? அதன்மேலன்றோ புதியது எழுதப்பட்டுவிட்டது!

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. ஜேசன் லெம்கின் என்னும் தொழில்முனைவோர், ரெப்ளிட் நிறுவனத்தின் முகவரைக் கொண்டு மென்பொருள் ஒன்றை அமைத்து வந்தார். எதனையும் மாற்றலாகாது என்று அவர் ஆணையிட்டிருந்த வேளையில், அம்முகவர் நடைமுறைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பதிவுகள் அதில் இருந்தன. அவற்றை மீட்கவும் இயலாது என்று முகவர் கூறியது, அக்கூற்றும் பொய்த்தது. லெம்கின் முயன்றபோது பதிவுகள் மீண்டன. ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் பிழையை ஒப்புக்கொண்டு, சோதனைத் தரவுத்தளத்தையும் நடைமுறைத் தரவுத்தளத்தையும் வேறாகப் பிரிப்பதாக அறிவித்தார்.

லெம்கின் தந்தது ஆணை. கதவோ திறந்தே கிடந்தது. பெட்டியின் சாவியை ஒருவனிடம் கொடுத்துவிட்டுத் ‘திறவாதே’ என்று சொன்னால் அது பூட்டாகுமோ? ஆதலின் அறிந்தோர், முகவருக்குப் படிக்கும் உரிமையை மட்டும் அளித்து, எழுதும் உரிமையைத் தரவுத்தளத்திலேயே மறுத்து வைப்பர். திருத்தம் வேண்டுமெனில் முகவர் அதனை முன்மொழியும். எத்தனை வரிகள் மாறும், பழைய மதிப்பு யாது, புதியது யாது என்பவற்றைப் பொறுப்பாளர் பார்த்து இசைவு தருவார். பழைய மதிப்புத் தனியே சேமிக்கப்படும்.

இசைவு கேட்பதிலும் அளவு வேண்டும். வரிக்கு வரி கேட்டால், நாற்பதாவது வினாவில் பொறுப்பாளர் படியாமலே ‘ஆம்’ என்று அழுத்துவார். அது மனித இயல்பு. எனவே அன்றாடச் சிறு திருத்தங்களுக்கு மட்டும் எழுதும் உரிமையைத் தளர்த்தி, 100 வரிகள் என்பதுபோல் ஓர் எல்லை வகுப்பதுண்டு. ஆனால் முகவர் தன் வேலையை 99 வரிகளாகப் பிரித்துப் பிரித்துச் செய்தால்? அதற்குக் கள்ள எண்ணம் வேண்டுவதில்லை. வேலையை முடிக்கும் முனைப்பே அவ்வழியைக் கண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டளையிலும் மாறும் வரிகளோடு, ஒரு நாளில் மாறியவற்றின் மொத்தத்தையும் தரவுத்தளமே எண்ணி வரவேண்டும். எல்லை கடந்தவுடன் கதவை அடைத்துப் பொறுப்பாளரை அழைக்கவும் வேண்டும்.